கருதுகோளும் சோதனையும்

அழுகிய இறைச்சியில் புழுக்கள் நெளிவதைக் கண்ட பண்டை மக்கள், அவை இறைச்சியினின்றும் தாமாகவே தோன்றுகின்றன என நம்பினர். கிரேக்கப் பேரறிஞராகிய அரிஸ்டாட்டிலும் சில சிற்றுயிர்கள் அழுகற் பொருள்களிற் பிறக்கும் என எழுதினார். ஐரோப்பாவில் அக்கொள்கை நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது.

இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி என்பார் அதனை ஆராயாது ஏற்க விரும்பவில்லை. புழுக்கள் தோன்றுமுன் இறைச்சியின்மேல் ஈக்கள் மொய்ப்பதையும், பின்னர் அப்புழுக்களே ஈக்களாக மாறுவதையும் அவர் கூர்ந்து நோக்கினார். ஈக்களினாலேயே புழுக்கள் உண்டாகின்றன என்று கருதினார். கண்ட செய்திகளை அடிப்படையாகக் கொண்டு, சோதனைக்கு முன்னரே கூறப்படும் இத்தகைய கூற்றே கருதுகோள் எனப்படும்.

அக்கூற்று மெய்யாயின், ஈக்கள் அணுகாத இறைச்சியிற் புழு தோன்றுதல் ஆகாது. தோன்றின் கூற்றுப் பொய்யாகும். ரெடி பாம்பு, மீன், விலாங்கு, கன்றின் இறைச்சி ஆகியவற்றைத் தனித்தனிக் குடுவைகளிலிட்டு, வாயை இறுக மூடினார். அவ்வாறே வேறு சில குடுவைகளில் இட்டு, அவற்றைத் திறந்து வைத்தார். திறந்தவற்றிற் புழுக்கள் மலிந்தன. மூடியவற்றில் இறைச்சி அழுகியதேயன்றிப் புழுக்கள் தோன்றவில்லை.

காற்றுப் புகாமையே இதற்குக் காரணம் என ஒருவர் மறுத்துரைக்கலாம் அன்றோ? அதனால் ரெடி குடுவைகளை மெல்லிய வலைத்துணியால் மூடி மீண்டும் சோதித்தார். காற்றுப் புகுந்தது, ஈக்கள் புகவில்லை, இறைச்சியிற் புழுக்களும் இல்லை. இவற்றை அவர் 1668ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

பள்ளியிற் செய்யும் எளிய சோதனைக்கும் இம்முறையே பொருந்தும். ‘துணி உலரும்’ என்பது கருதுகோளன்று. ‘ஒரே அளவான இரு ஈரத்துணிகளுள் விரித்தது, மடித்ததனினும் விரைவில் உலரும், ஏனெனில் அதிற் காற்றுப்படும் பரப்பு மிகுதி’ என்பதே கருதுகோள். இங்கு மாற்றப்படுவது பரப்பு ஒன்றே. துணி, நீரின் அளவு, வைக்கும் இடம் ஆகியவை மாறலாகா. உலரும் நேரமே அளக்கப்படுவது.

சோதனையின் முடிவு கருதுகோளுக்கு மாறாக அமைதலும் உண்டு. அப்போது கண்டதை மறைத்தலும், முன் எழுதியதை அழித்துத் திருத்தலும் அறிவியலுக்கு இழுக்காகும். கண்டதைக் கண்டவாறே குறித்து, காரணத்தை மீண்டும் ஆராய்தல் வேண்டும். கருதுகோள் தவறாகலாம், குறிப்பு பொய்யாதல் கூடாது.