காலைச் சாப்பாடு ஏன் தவறிப் போகிறது?



பால், முட்டை, பழம், கீரை சாப்பிட வேண்டும் என்று நாம் எல்லோரும் ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். பரீட்சையில் கேட்டால் எழுதி மார்க்கும் வாங்கிவிடுவோம். தெரிந்தும் ஏன் சாப்பிடுவதில்லை? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிரேயரில் மயக்கம் போட்டு விழுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முகத்தில் தண்ணி தெளித்து உட்கார வைத்து, "காலையில என்ன சாப்பிட்ட?" என்று டீச்சர் கேட்பார்கள். "ஒண்ணும் சாப்பிடல டீச்சர்" என்றுதான் பதில் வரும். அன்றைய பட்டினி மட்டும் காரணமாக இருக்காது, இரத்தசோகையும் இருக்கலாம். நம் வயதுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமாவது இருக்க வேண்டும். 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை. பையன்கள் சிரிக்க வேண்டாம், உங்களிலும் 100க்கு 31 பேர்! பெண்களுக்கு அதிகமாக இருப்பதற்கு மாதவிலக்கும் ஒரு காரணம். (இதை எழுதலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். "உயிரியல் பாடம்தானே, எழுது" என்றார்கள்.) இரத்தம் குறைந்தால் மூச்சு வாங்கும், படித்தது மண்டையில் நிற்காது, எப்போதும் தூக்கம் தூக்கமாக வரும். நம்மைச் சோம்பேறி என்று திட்டுகிறார்கள். பாதிப் பேர் சோம்பேறி இல்லை, இரத்தம் இல்லாதவர்கள்.

எங்கள் வகுப்புப் பெண்களிடம் ஏன் சாப்பிடாமல் வருகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "அம்மா விடியக்காலமே பூ எடுக்கப் போயிரும், யாரு ஆக்குறது?" "பஸ் போயிரும்." "காலையில பசிக்கவே மாட்டேங்குது." "கீரையா? அதை யாரு உட்கார்ந்து ஆயுறது?" ஒருத்தி மட்டும் "எனக்குப் பிடிக்கல" என்றாள். ஆக, பிடிக்காமல் சாப்பிடாதவர்களைவிட நேரமும் ஆளும் இல்லாமல் சாப்பிடாதவர்கள்தான் அதிகம். அறிவுரை சொன்னால் இது சரியாகாது, ஏற்பாடு செய்தால்தான் சரியாகும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்தது. என் தம்பிக்கு அதனால் கவலை இல்லை. காலையில் பொங்கலும் உப்புமாவும் சாப்பிட்டுவிட்டு வந்து என்னிடம் பீற்றிக்கொள்கிறான். நமக்கு மதியம் சத்துணவு இருக்கிறது, முட்டையும் உண்டு. காலைக்கு நாம்தான் வழி பார்க்க வேண்டும்.

அந்த வழியை முதல் நாள் ராத்திரியே பார்த்துவிட வேண்டும். காலையில் ஆறரை மணிக்கு யோசித்தால் ஒன்றும் நடக்காது. ராத்திரி சோறு ஆக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி கூடப் போட்டு, மிஞ்சிய சோற்றில் தண்ணி ஊற்றி வைத்தால் போதும். காலையில் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். அடுப்பே பற்ற வைக்க வேண்டாம். கம்பங்கூழ் காய்ச்சி வைத்தால் இன்னும் நல்லது. நூறு கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து இருக்கிறது. அரிசியில் அவ்வளவு கிடையாது. அவித்த கடலையை ராத்திரியே டப்பாவில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டால் பஸ்ஸிலும் சாப்பிடலாம். கடையில் 5 ரூபாய் பாக்கெட் வாங்குவதும் குறைந்துவிடும்.

கீரை ஆய நேரம் இல்லை என்பவர்களுக்கு எங்கள் அப்பத்தா சொன்ன யோசனை: முருங்கைக் கீரையைக் கொத்தோடு ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி ராத்திரி வைத்துவிட வேண்டும். காலையில் உதறினால் இலை தானாக உதிர்ந்துவிடும். நான் செய்து பார்த்தேன், காம்பு பொறுக்குவது மட்டும்தான் வேலை.

இன்னொரு விஷயம். கீரையில் உள்ள இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். கூடவே வைட்டமின் சி இருந்தால் அதிகம் சேரும். அதனால் கீரை, பருப்பு சாப்பிடும்போது எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கடியுங்கள். கொய்யாவில் ஆரஞ்சைவிடச் சுமார் நாலு மடங்கு வைட்டமின் சி உண்டு. டீ இதற்கு நேர் எதிர், இரும்பைச் சேரவிடாது. காலையில் டீயும் வர்க்கியும் மட்டும் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்கவும். டீ வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, எங்கள் வீட்டிலும்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும்.

"நாலு நாள் செய்வேன், அப்புறம் விட்டுப்போயிரும்" என்று ஒருத்தி சொன்னாள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2009இல் வெளியிட்டார்கள். மதியச் சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது போல ஒரு சின்ன வேலையை ஒவ்வொருவரும் தினமும் செய்தார்கள். அது யோசிக்காமலே செய்கிற பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை கணக்கு போனது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிச் செய்திதான். அவர்கள் அந்த வேலையைத் தினமும் நடக்கிற இன்னொன்றோடு முடிச்சுப் போட்டார்கள். நாமும் "இனி ஒழுங்காகச் சாப்பிடுவேன்" என்பதற்குப் பதில், "தலை பின்னியதும் சாப்பிடுவேன்" என்று வைத்துக்கொள்ளலாம். தலை பின்னாமல் யாரும் பள்ளிக்கூடம் வருவதில்லையே!

பசிக்காதவர்கள் முதல் வாரம் அரை டம்ளர் கூழ் மட்டும் குடியுங்கள், போகப்போகப் பசிக்க ஆரம்பிக்கும். பிடிக்காதவர்கள் கீரையை அடை மாவில் போட்டுப் பாருங்கள்.

வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சிலர் ஜன்னல் வழியாக எறிகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால்தான் பெரும்பாலும் குமட்டும், சாப்பிட்டபின் போடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம்தான். குடற்புழு மாத்திரையையும் விடக்கூடாது. கொக்கிப்புழு நம் குடலில் இருந்துகொண்டு இரத்தத்தை உறிஞ்சும்.

முருங்கைக்கீரைக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் மரம் இருக்கிறது. ஆயாவிடம் கேட்டுவிட்டுப் பறியுங்கள். இலையை மட்டும் உருவ வேண்டும், கொம்பை ஒடித்தால் ஆயா திட்டும்.

- 9ஆம் வகுப்பு மாணவி