புளி தேய்க்கிற கையும் விஞ்ஞானம் செய்யும்

இந்த மாதப் பாடத்தில் வட்டி இல்லை, தவணை இல்லை. கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு நிம்மதியாகக் கேளுங்கள். விஞ்ஞான வேலை பார்க்கும் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

"விஞ்ஞானின்னா யாருக்கா?" என்று கூட்டத்தில் கேட்டால், கண்ணாடி போட்ட, தலை கலைந்த ஒரு ஆம்பிளையைத்தான் சொல்கிறோம். அப்துல் கலாம் ஐயாவைச் சொல்பவர்களும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து பித்தளை விளக்குத் துலக்குகிற அக்காவை யாரும் சொல்வதில்லை.

அந்தப் பித்தளையையே எடுத்துக்கொள்வோம். நம்ம பக்கத்து வீடுகளில் அண்டா, தவலை, குத்துவிளக்கு என்று பித்தளைக்குப் பஞ்சமே இல்லை. விசேஷம் வந்தால் துலக்கிக் கை ஓய்ந்துபோகும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. காற்றும் ஈரமும் பட்டு மேலே கறுப்பு படிகிறது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அந்தப் படிவைக் கரைக்கிறது, உப்பு சேர்த்தால் இன்னும் சீக்கிரம். அதே புளி, குழம்பாகப் பித்தளைக்குள் கிடந்தால் செம்பையும் கரைக்கும். களிம்பேறிய குழம்பைச் சாப்பிட்டால் வாந்திதான். அதற்காகத்தான் உள்ளே ஈயம் பூசுகிறோம். ஈயம் என்று சொன்னாலும் அது வெள்ளீயம். காரீயம் விஷம், அது கூடவே கூடாது. பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளி ஊற்றக்கூடாது என்று நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது. அமிலம் என்ற பெயர்தான் தெரியாது.

அமிலம், உலோகம், மின்சாரம் இவற்றின் சங்கதியைப் பற்றியே ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. அதுதான் நாம் 'சிக்ரி' என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-ல் திறப்பு விழா நடந்தது. இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பது, பேட்டரி, முலாம் பூசுவது எல்லாம் அங்கே ஆராய்ச்சி. உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று பார்க்க மண்டபத்திலும் ஒரு மையம் வைத்திருக்கிறார்கள்.

அந்த சிக்ரிக்கு 2019-ல் முதல்முறையாக ஒரு பெண் இயக்குநர் வந்தார். டாக்டர் ந. கலைச்செல்வி, திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் தமிழ் வழியில் படித்தவர். லித்தியம் பேட்டரியில் பல வருட ஆராய்ச்சி செய்தவர். 2022 ஆகஸ்டில், நாடு முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களை வைத்திருக்கும் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனத்துக்கே முதல் பெண் தலைமை இயக்குநர் ஆனார். "தமிழ் மீடியம் படிச்ச புள்ளைக்கு சயின்ஸ் எங்க வரப்போகுது" என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் உள்ளே நுழைவதே பெரும்பாடு. 1933-ல் கமலா சோஹோனி பம்பாயில் முதல் மாணவியாகத் தேறி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். அங்கே இயக்குநர் நம்ம சர் சி.வி. ராமன். பெண் என்பதால் முடியாது என்றார். இந்தப் பெண் விடவில்லை. கடைசியில் ஒரு வருடம் சோதனைக் காலம், ஆண்களின் கவனத்தைக் கலைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுச் சேர்த்தார்கள். கவனம் கலைவது ஆம்பிளைக்கு, நிபந்தனை பொம்பளைக்கு! 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு அவர் ஆராய்ச்சி செய்தது எதை என்று நினைக்கிறீர்கள்? பதநீரை! அதில் இருக்கும் சத்து பற்றிய அந்த ஆராய்ச்சிக்கு ஜனாதிபதி விருது கிடைத்தது.

ஆய்வகத்தில் பெண்ணுக்கு என்று சில தனிப் பாடுகளும் உண்டு. பாதரசம் பட்டால் தங்கம் வெள்ளையாகிவிடும். அதனால் வளையலைக் கழற்று, தாலிச் செயினை உள்ளே போடு, முந்தானையைச் செருகு, பின்னலை முடிந்துகொள் என்று ஒரு பட்டியலே இருக்கும். மேரி கியூரி அம்மையார் 1895-ல் தன் கல்யாணத்துக்கே கருநீல உடுப்பு கேட்டாராம், பிறகு ஆய்வகத்துக்கும் கட்டிக்கொள்ளலாமே என்று. கூறைப்புடவையை அப்படி உடுத்த நம்மில் யாருக்கு மனசு வரும்?

இனி நம்ம விஷயம். பத்தாவது முடித்த பெண்பிள்ளை சயின்ஸ் குரூப் கேட்டால் வீட்டில் என்ன சொல்கிறோம்? "லேப் முடிஞ்சு வர நேரமாகும், கடைசி பஸ் போயிரும், டியூஷன் செலவு யாரு பாக்குறது?" பஸ் பிரச்சினை நிஜம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மகன் கேட்டால் பஸ்ஸைப் பற்றி நாம் பேசுவதில்லை. அடுத்த கூட்டத்தில் உங்கள் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுங்கள். படிப்புக்கு என்று கொடுத்த கடனில் மகனுக்கு எத்தனை, மகளுக்கு எத்தனை? எண்ணிப் பாருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தர 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. விவரத்தைப் பள்ளியில் கேளுங்கள்.

கூட்டத்துக்குப் பிள்ளைகள் வந்தால் ஒரு விளையாட்டு. நாலு எலுமிச்சம்பழம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஒரு ஆணியும் ஒன்றையொன்று தொடாமல் குத்துங்கள். ஒரு பழத்தின் செம்பை அடுத்த பழத்தின் ஆணியோடு வயரால் இணையுங்கள். கடைசியில் மிஞ்சும் செம்பில் சின்ன சிவப்பு எல்.இ.டி. பல்பின் நீளக் காலையும், மிஞ்சும் ஆணியில் குட்டைக் காலையும் வையுங்கள். அறையை இருட்டாக்கினால் பல்பு மங்கலாக எரிவது தெரியும். முடிந்த பிறகு அந்தப் பழத்தை யாரும் ஜூஸ் பிழிந்துவிட வேண்டாம். களிம்பு கதைதான், உலோகம் அதற்குள் கரைந்திருக்கும்.