பிள்ளைக்கு ஒரு குணம், தாய்க்கு ஒரு குணம்

ஒரு கையில் ஐந்து விரல். ஐந்தும் ஒன்றுபோல் இல்லை. ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளும் அப்படித்தான். ஒரு பிள்ளை பாயில் கிடந்து தானே சிரித்து விளையாடும். இன்னொரு பிள்ளை அழுதால் தெருவே கூடிவிடும். "மூத்தவன் இப்படி இல்லையே" என்று தாய்மார் சொல்வதை எந்த ஊரிலும் கேட்கலாம்.

பிறந்த சில வாரங்களிலேயே இந்த வேறுபாடு தெரியத் தொடங்கும். இதற்குப் பெயர் இயல்பு. சுபாவம் என்றும் சொல்வார்கள். இது யாரும் சொல்லிக் கொடுத்து வருவது அல்ல. பிள்ளையோடு சேர்ந்தே வருவது. வளர்ப்பும் வீட்டுச் சூழலும் பிறகு அதை மெல்ல மெல்ல மாற்றும்.

மூன்று வகைப் பிள்ளைகள்

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்கள் கணவன் மனைவி. 1956ஆம் ஆண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் தொட்டுப் பெரியவர்கள் ஆகும் வரை கவனித்து வந்தார்கள்.

பிள்ளை நேரத்துக்குத் தூங்குகிறதா? எவ்வளவு துறுதுறுப்பாக இருக்கிறது? புது முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறதா, முகத்தைத் திருப்புகிறதா? புதுப் பழக்கத்துக்கு எத்தனை நாளில் பழகுகிறது? அழுகை மெல்லிய சிணுங்கலா, பெரிய கூச்சலா? இப்படிப் பல கேள்விகள் கேட்டார்கள்.

அவர்கள் பார்த்த பிள்ளைகளில் 100க்கு 40 பேர் எளிதில் பழகும் பிள்ளைகள். 100க்கு 10 பேர் சமாளிக்கக் கடினமான பிள்ளைகள். நேரம் தவறித் தூங்குவார்கள், உரக்க அழுவார்கள். 100க்கு 15 பேர் தயங்கித் தயங்கி மெதுவாகப் பழகும் பிள்ளைகள். மீதிப் பேர் எந்த வகையிலும் அடங்கவில்லை. எல்லாம் கலந்து இருந்தார்கள்.

அந்த மருத்துவர்கள் சொன்ன முக்கியமான செய்தி வேறு. பிள்ளையின் குணத்தை மட்டும் பார்த்து அது எப்படி வளரும் என்று சொல்ல முடியாது. பெற்றவர்கள் எதிர்பார்ப்பதும் பிள்ளையின் குணமும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்க்க வேண்டும். இதுதான் பொருத்தம்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பிள்ளையை அப்படிப் பார்த்துப் பெற முடியாது. வந்த பிள்ளையோடு பொருத்தத்தை உண்டாக்கிக் கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள்

இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். இருவரிடமும் கைக்குழந்தை இருக்கிறது.

மூத்த மருமகள் அமைதியானவள். அதிர்ந்து பேசமாட்டாள். அவளுடைய மகளுக்கு இரண்டு மாதம். சாயங்காலம் ஆனால் வீறிட்டு அழும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் தாய்க்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

இளைய மருமகள் சுறுசுறுப்பானவள். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுக் களையெடுக்கப் போய்விடுவாள். அவளுடைய மகனுக்கு நான்கு மாதம். போட்ட இடத்தில் கிடப்பான். அழுகையே இல்லை.

"உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியல. உன் ஓரகத்தியப் பாரு, அவ பிள்ள சத்தமே தெரியல" என்று மாமியார் மூத்தவளைக் குத்திக் காட்டுவார். அவள் பதில் பேசமாட்டாள். இரவில் தனியாக அழுவாள். "நான் நல்ல தாய் இல்லையோ" என்று நினைப்பாள்.

எடை பார்க்கும் நாள் வந்தது. இருவரும் அங்கன்வாடிக்குப் போனார்கள். மாமியாரும் கூடப் போனார். அழும் பிள்ளைக்கு எடை நன்றாக ஏறியிருந்தது. அமைதியான பிள்ளைக்குப் போன மாதத்து எடையேதான் இருந்தது. அட்டையில் கோடு மேலே ஏறவில்லை.

டீச்சர் இளையவளைக் கேட்டார். "ஏம்மா, ராத்திரி எத்தன தடவ பால் குடுக்கிற?"

"ஒரு தடவ டீச்சர். அவன் கேக்கவே மாட்டான். தூங்கிடுவான்."

"பகல்ல?"

"வேலைக்குப் போறப்ப ஒரு தடவ, மத்தியானம் வந்து ஒரு தடவ, அப்புறம் சாயங்காலம்."

"அழலன்னா பசிக்கலன்னு அர்த்தம் இல்லம்மா. சில பிள்ளைங்க கேக்காது. நாமதான் எழுப்பிக் குடுக்கணும். ராத்திரியும் பகலும் சேத்து எட்டுத் தடவயாவது குடு. நாளைக்கே நர்சம்மாகிட்டயும் காட்டிடு."

பிறகு மூத்தவளைப் பார்த்தார். "உன் பால்ல குறையில்லம்மா, எடையே சொல்லுது. உன் பொண்ணு சத்தமா கேக்குறவ. நீ அமைதியானவ. உன் மேலயும் குத்தம் இல்ல, அவ மேலயும் குத்தம் இல்ல."

மாமியாரிடம், "அம்மா, சாயங்காலம் ஒரு மணி நேரம் நீங்க பிள்ளையத் தூக்கி வெச்சுக்குங்க. இல்லன்னா அவங்க அப்பா தோள்ல போட்டு நடக்கட்டும். இவளுக்கு ஒரு மூச்சு விட நேரம் வேணும்" என்றார்.

மாமியார் எடை அட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "நல்ல பிள்ள, நல்ல பிள்ளன்னு சொல்லியே பட்டினி போட்டுட்டோமே" என்றார்.

அழும் பிள்ளை பிழைக்கும்

ஆப்பிரிக்காவில் மசாய் என்னும் மக்கள் மாடு மேய்த்து வாழ்கிறார்கள். அங்கே கடும் பஞ்சம் வந்த காலத்தில் மார்ட்டன் டெவ்ரீஸ் என்ற மருத்துவர் சில குழந்தைகளைக் கவனித்தார். 1984இல் அதைப் பற்றி எழுதினார். பஞ்சத்தில் அதிகம் பிழைத்தவை, அடம் பிடித்து அழுத குழந்தைகள். இறந்தவற்றில் அதிகம் அமைதியான குழந்தைகள். அவர் பார்த்தது சில குழந்தைகளைத்தான். ஆனாலும் "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தானே?

ஆகவே எந்தக் குணமும் எல்லா இடத்திலும் நல்லது அல்ல. எந்தக் குணமும் எல்லா இடத்திலும் கெட்டதும் அல்ல.

பொருத்தம் உண்டாக என்ன செய்யலாம்?

• ஒரு வாரம் பிள்ளையைக் கவனியுங்கள். எப்போது பசிக்கிறது, எப்போது தூக்கம் வருகிறது, எதைக் கண்டு மிரளுகிறது என்று பாருங்கள்.

• உரக்க அழும் பிள்ளைக்கு அழுகை முற்றுமுன் பால் கொடுங்கள். கையைச் சப்புவதும் தலையைத் திருப்பித் தேடுவதும் பசியின் அடையாளம்.

• கூச்சப்படும் பிள்ளையை உறவினர் கையில் உடனே திணிக்காதீர்கள். உங்கள் மடியில் வைத்தே பழக விடுங்கள்.

• துறுதுறுப்பான பிள்ளைக்குப் புரளவும் தவழவும் பத்திரமான இடம் கொடுங்கள்.

• அமைதியான பிள்ளையிடம் நீங்களாகப் போய்ப் பேசுங்கள். தூக்குங்கள். பால் கொடுங்கள்.

• உங்கள் குணத்தையும் எண்ணிப் பாருங்கள். உங்களுக்குச் சத்தம் ஆகாதா? அவசரம் அதிகமா? எந்த நேரத்தில் உதவி வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள்.

• பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். தாய்மாரையும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

எச்சரிக்கை

பிறந்த பிள்ளையின் அழுகை ஆறு வாரம் வரை கூடிக்கொண்டு போகும். மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும். அதுவரை பொறுமை வேண்டும். கோபம் தலைக்கு ஏறினால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் படுக்க வையுங்கள். சற்றுத் தள்ளி நின்று மூச்சு விடுங்கள். கைக்குழந்தையை ஒருபோதும் பிடித்து உலுக்காதீர்கள். மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகலாம்.

எல்லா அழுகையும் குணம் அல்ல. எல்லா அமைதியும் குணம் அல்ல. காய்ச்சல், பால் குடிக்காமல் இருப்பது, வேகமாக மூச்சு வாங்குவது, துவண்டு கிடப்பது, வலிப்பு ஆகியவை நோயின் அடையாளங்கள். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

பிள்ளை பெற்ற தாய்க்கு இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால் அதுவும் ஒரு நோய்தான். மருந்தும் ஆலோசனையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை.

சிந்தியுங்கள், பேசுங்கள்

1. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் குணம் எப்படி? ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.

2. இளையவளின் பிள்ளைக்கு ஏன் எடை ஏறவில்லை?

3. உங்கள் தெருவில் பிள்ளை பெற்ற தாய்க்கு நீங்கள் என்ன உதவி செய்யலாம்?