கம்பி வலையும் ரத்தக்குழாய்ச் சுவரும்

அன்புள்ள தங்கைக்கு,

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் நீ படிக்கும் தகைவும் திரிபும் தேர்வோடு முடிகிற பாடமல்ல. ஸ்டென்ட் என்ற கம்பி வலையை உள்ளே விரித்து வைத்த இதய ரத்தக்குழாய் சில மாதங்களில் மறுபடி சுருங்குவதற்கு அந்தத் தகைவும் ஒரு காரணம். 1986இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதல் ஸ்டென்ட்களைப் பொருத்தியபோது, குழாய் மூடிக்கொள்ளாமல் பார்ப்பதே நோக்கம். விரியும் வலை சுவரைக் காயப்படுத்தினால், அது ஆறும்போது தசைச் செல்கள் பெருகி வழியை அடைத்துவிடும் என்பது பிறகு தெளிவானது. ஆகவே வலையின் வடிவமும் சிகிச்சையில் சேர்ந்தது என்பது என் கட்சி. 2001இல் வெளியான ஜெர்மானிய ஆய்வைப் பார்: 50 மைக்ரான் கம்பி வைத்தவர்களில் 15 சதவீதத்தினருக்கு மறு அடைப்பு, 140 மைக்ரான் கம்பியில் அது 25.8 சதவீதம்.

இந்த வடிவங்களைக் கணக்கிலும் ஒப்பிடலாம்: கம்ப்யூட்டர் சுவரையும் வலையையும் ஆயிரக்கணக்கான நுண்கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எழும் தகைவைக் கணக்கிடுகிறது. இங்கே ஹூக் விதி மட்டும் போதாது. கொலாஜன் இழைகளால் சுவர் இழுக்க இழுக்க விறைக்கும். 2005இல் அயர்லாந்தின் கேட்ரியோனா லாலி குழுவினர் எஸ்7, நிர் என்ற இரு ஸ்டென்ட்களை அடைப்புள்ள ஒரே மாதிரிக் குழாயில் வைத்துக் கணக்கிட்டார்கள். நிர் வகையே சுவரைக் கூடுதலாக வருத்தியது. நோயாளிகளிடமும் அதில்தான் மறு அடைப்பு அதிகமாக இருந்தது. சுண்ணாம்பு படிந்த நிஜக் குழாய் ஆளுக்கு ஆள் வேறு, கணக்கை எப்படி நம்புவது என்று நீ கேட்கலாம். கிடைக்கும் எண் துல்லியமானதல்ல என்பது உண்மைதான். ஆனால் குழாயை மாற்றாமல் வலையை மட்டும் மாற்றும்போது, குழாய் பற்றிய பிழை இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழும். எது அதிகம் வருத்துகிறது என்ற வரிசையை நம்ப அது இடம் தருகிறது. நோயாளிகளிடம் இதை ஒப்பிட நூற்றுக்கணக்கானவர்களும் பல மாதங்களும் தேவை.

செல் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தபின் வடிவத்துக்கு என்ன வேலை என்பார்கள். உடலில் கரையும் அப்சார்ப் ஸ்டென்டிலும் மருந்து இருந்தது; கம்பியோ சுமார் 150 மைக்ரான். அதில் ரத்தம் உறைவது கூடுதல் என்று ஆய்வுகள் காட்டின; 2017இல் விற்பனையும் நின்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் உச்சவிலை வைத்தது, நல்ல காரியம். ஆனாலும் பச்சைமலையிலிருந்து துறையூர் இறங்கித் திருச்சிக்குப் போகும் நோயாளிக்கு, மறு அடைப்பு வந்தால் பயணமும் செலவும் இன்னொரு முறை. நம் பக்கத்து நோயாளிகளின் ஸ்கேன் படங்களைக் கொண்டே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு இயற்பியலும் கணிதமும் தெரிந்தவர்கள் வேண்டும். நீ அந்த வேலைக்கு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்