வேலை செய்யும் இடத்துக்கும் வைஃபை: இரண்டாவது ரவுட்டர் இணைப்போம்



வீட்டில் வைஃபை இருக்கிறது. ஆனால் பின்பக்கத் தையல் கொட்டகைக்குப் போனால் சிக்னல் இல்லை. ஆர்டர் வந்ததா, பணம் ஏறியதா என்று பார்க்க வீட்டுக்குள் ஓட வேண்டியிருக்கு. இதற்காக மாதாமாதம் பணம் கட்டி இன்னொரு இணைப்பு வாங்க வேண்டாம். சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரும், 100 மீட்டருக்கு மேற்படாத லேன் கேபிளும் போதும்.

முதலில் புரிந்துகொள்வோம்

ரவுட்டர் தன்னோடு சேரும் ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண் கொடுக்கிறது. குழுவில் உறுப்பினர் எண் போடுகிற மாதிரிதான். இரண்டு பேர் தனித்தனி நோட்டில் எண் போட்டால், ஒரே எண் இருவருக்கு விழுந்து குழப்பமாகும். அதனால் இந்த வேலையை முதல் ரவுட்டர் மட்டுமே செய்யட்டும். இதற்குப் பெயர் டிஎச்சிபி.

செய்முறை

1. பழைய ரவுட்டரை கரண்டில் போட்டு, ரீசெட் பொத்தானை 10 விநாடிக்கு மேல் அழுத்தவும்.
2. போனில் அதன் வைஃபையைச் சேர்க்கவும். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) குரோமில் அடித்துத் திறக்கவும்.
3. வைஃபைக்குப் புதுப் பெயர், பாஸ்வேர்டு வைக்கவும்.
4. முதல் ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால், இதற்கு 192.168.1.2 என்று மாற்றவும். கூடவே இதில் டிஎச்சிபியை நிறுத்திச் சேமிக்கவும்.
5. முதல் ரவுட்டர் போன்களுக்கு 2-லிருந்து எண் கொடுத்தால், 10-லிருந்து தொடங்கும்படி அதில் மாற்றவும்.
6. கேபிளை இரண்டு ரவுட்டரிலும் லேன் துளையிலேயே சொருகவும். வான் என்று தனியாக உள்ள துளை வேண்டாம்.

கவனிக்க

- கம்பெனி வாடகைக்குக் கொடுத்த ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கணும். அதை இதற்கு எடுக்காதீர்கள்.
- கேபிளை கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.
- பாஸ்வேர்டு இல்லாமல் விடாதீர்கள். யாரோ தப்பு செய்தாலும், விசாரணை இணைப்பு யார் பேரில் இருக்கோ அவர்களிடம்தான் முதலில் வரும்.

"பையன் வந்தாதான் முடியும்" என்று காத்திருக்க வேண்டாம். லோன் கணக்கையே எழுதிச் சரிபார்க்கிற நமக்கு இது பெரிய விஷயமில்லை.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

- இரண்டு ரவுட்டரும் எண் கொடுத்தால் என்ன ஆகும்?
- நம் குழுவில் யார் வீட்டில் பழைய ரவுட்டர் சும்மா கிடக்கிறது?