பேஸ்பால் ஆட்டத்தில் இளம் எறிவோர் பயிற்சி

கிரிக்கெட் நம் நாட்டு மாணவர்க்கு நன்கு பழகிய ஆட்டம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் ஜப்பானிலும் அத்தகைய சிறப்பைப் பெற்றிருப்பது பேஸ்பால் ஆகும். இரண்டும் மட்டையும் பந்துங் கொண்டு ஆடப்படுவனவே எனினும், பந்தைச் செலுத்தும் முறையில் அவற்றிடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. கிரிக்கெட்டில் பந்து விடுவோன் ஓடி வந்து, மடங்கிய முழங்கையைத் திடீரென நிமிர்த்தாமல், கையைச் சுழற்றிப் பந்தை விடுகின்றான். பேஸ்பாலிலோ அவன் ஒரு சிறு மேட்டின்மேல் நின்று, முழங்கையை மடக்கிப் பின்னே கொணர்ந்து, கல்லெறிவான் போலப் பந்தை எறிகின்றான். விடுதல், வீசுதல், எறிதல் என்னும் சொற்கள் ஒருபொருள் குறித்தன போலத் தோன்றினும் தம்முள் வேறுபாடுடையன. இவன் செய்வது எறிதலே யாதலின், இவனை 'எறிவோன்' என்றே ஈண்டு வழங்குதும்.

எறியும் இடத்திற்கும் அடிப்போன் நிற்கும் இடத்திலுள்ள வெண்டகட்டிற்கும் இடைத்தூரம் 60 அடி 6 அங்குலம். இவ்வளவு 1893-ஆம் ஆண்டு முதல் மாறாது நிற்கின்றது. பன்னிரண்டு வயதிற்குட்பட்ட சிறுவர்க்கு, 1939-இல் தோன்றிய 'லிட்டில் லீக்' என்னும் சிறுவர் ஆட்டக் கழகம் 46 அடியே வகுத்துள்ளது. பந்தின் எடை ஐந்து அவுன்ஸுக்குச் சற்றே மிகுதி. இச்சிறு பந்து எறிவோன் கையினின்று புறப்பட்டாலன்றி ஆட்டத்தில் எதுவும் நிகழாது. ஆகவே ஒரு பள்ளிக் குழுவில் வல்லவன் ஒருவன் வாய்த்துவிட்டால், ஆட்டந்தோறும் அவனையே மேட்டில் நிறுத்த வேண்டுமென்னும் ஆசை பயிற்சியாசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஊரார்க்கும் எழுகின்றது. சிறுவனுக்கோ அவ்வாசை எல்லோரினும் மிகுதி. இளைஞர் பலர் கையிழந்தவர் போலாவதற்கு அவ்வாசையே பெரும்பாலும் தொடக்கம்.

எறிதல் கையின் தொழில் என்று நினைப்பது பிழை. விசை நிலத்தினின்று காலுக்கும், காலினின்று இடுப்புக்கும், இடுப்பினின்று உடற்பகுதிக்கும், அதனின்று தோளுக்கும் ஏறி, இறுதியில் விரல் நுனியை அடைகின்றது. இவ்வடுக்கில் கீழுள்ளன தம் பங்கைச் செய்யாவிடின், அக்குறையைத் தோளும் முழங்கையும் நிரப்ப வேண்டியதாகும். தேர்ந்த எறிவோருடைய மேற்கை, தோட்பொருத்தில் நொடிக்கு 7000 பாகை அளவான வேகத்தில் உட்புறமாகத் திரும்புகின்றது என அளந்து கண்டுள்ளனர். அவ்வேகம் நொடியின் ஒரு சிறு கூறளவே நிற்பது. பந்து கையை விட்டதும் தோளின் பின்புறத் தசைகள் அக்கையைத் தடுத்து நிறுத்தியாக வேண்டும். எறியுங்கால் முழங்கையின் உட்புறம் இழுக்கப்படுகின்றது, வெளிப்புறம் நசுக்கப்படுகின்றது.

வளர்ந்தோர்க்கு அவ்வுட்புறத்தைக் காப்பது எலும்பினை எலும்போடு பிணைக்கும் ஒரு நாராகும். லாஸ் ஏஞ்சலிஸ் குழுவின் எறிவோரான டாமி ஜான் என்பவர்க்கு அந்நார் அறுந்தபோது, 1974-ஆம் ஆண்டு பிராங்க் ஜோப் என்னும் மருத்துவர் அவரது மற்றக் கையினின்று ஒரு நாணை எடுத்து அவ்விடத்தே பொருத்தினார். ஜான் 1976-இல் ஆட்டத்திற்கு மீண்டு, 1989 வரை எறிந்து, மேலும் 164 வெற்றிகளைப் பெற்றார். அறுவையினால் எறிவேகம் கூடும் என்றொரு வீண் எண்ணம் இதனாற் பெற்றோரிடையே பரவிற்று. பழுதில்லாத கையைப் பழுது பார்த்து மேன்மையாக்கலாம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

சிறுவர் நிலை வேறு. அவர் எலும்புகள் இன்னும் வளர்வன. வளரும் இடத்தில் மென்மையான குருத்துத் தட்டுகள் உள்ளன. இழுவிசைக்கு நாரினும் அத்தட்டே முதலில் விட்டுக்கொடுக்கின்றது. ஆதலின், வளர்ந்தோனுக்கு நார் அறுவதற்கு மாறாகச் சிறுவனுக்குக் குருத்துத் தட்டு விரிகின்றது. தோளிலும் இத்தகைய கேடு உண்டு. முழங்கைக் கேட்டிற்குச் சிறுவர் கழகத்தின் பெயராலேயே 1960-இல் மருத்துவர் பெயரிட்டனர் எனின், அது எத்துணைப் பரவியிருந்தது என்பது விளங்கும்.

இனிப் பயிற்சி யாது? எறிந்து எறிந்தே கை உரம் பெறும் என்பது பழங்கொள்கை. உரம் பெறுவது உழைப்பும் ஓய்வும் மாறி வருவதனால். ஆகவே காலுக்கும் இடுப்புக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் உரிய பயிற்சிகளை முதலிற் செய்விப்பர்: ஓட்டம், குந்தி எழுதல், ஒற்றைக் காலில் நிலைகொள்ளல் என்பன. அடுத்து, தோட்பட்டை எலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைகளையும், தோட்பொருத்தைச் சூழ்ந்த சிறு தசைகளையும் ரப்பர் வாரினாலும் மிகச் சிறு எடைகளாலும் பழக்குவர். காண்போர்க்கு இவை விளையாட்டுப் போலத் தோன்றும். பருத்த புயங்களைக் காட்ட விரும்பும் இளைஞர்க்குச் சலிப்பையுந் தரும். ஆயினும் விரைந்து செல்லும் கையைத் தடுத்து நிறுத்துவன இச்சிறு தசைகளே. எறிதலோ அண்மையில் தொடங்கிச் சிறிது சிறிதாகத் தூரத்தை மிகுத்து, உடல் வெதும்பிய பின்னரே முழுவிசையை அடைதல் வேண்டும். ஆண்டில் நான்கு மாதமேனும் பந்தெறிதலை அறவே நிறுத்தி, நீந்துதல் முதலிய வேறு பயிற்சிகளிற் சிறுவரை ஈடுபடுத்துக என்பது வல்லுநர் அறிவுரை.

எவ்வகைப் பந்து கேடு தருவது என்பதில் நெடுநாள் வழக்காடினர். வளைந்து செல்லும் பந்தே சிறுவர் கையைக் கெடுக்கும் என்றனர் முன்னோர். ஆனால் ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது, நேரே விரையும் பந்து முழங்கைக்குத் தரும் பளு அதனினுங் குறைந்ததாகக் காணப்படவில்லை. பெரும்பகை எண்ணிக்கையும் சோர்வுமே. 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கை சோர்ந்த பின்னும் வழக்கமாக எறிந்து வந்த இளைஞர்க்கு அறுவை நேர்தல் ஏனையோரினும் 36 மடங்கு மிகுந்திருந்தது. ஆண்டில் எட்டு மாதத்திற்கு மேல் எறிந்தோர்க்கு ஐந்து மடங்கு. சோர்வைச் சிறுவன் வாய்விட்டுச் சொல்வானோ? சொல்லான், சொன்னால் மேட்டினின்று இறக்கப்படுவான். ஆதலின் அவன் முழங்கை தாழ்வதையும், பந்து குறி தப்புவதையும், ஒவ்வோர் எறிக்கும் இடையே அவன் காலந்தாழ்த்துவதையும் ஆசிரியரே கண்டுகொள்ள வேண்டும்.

கண்ணுக்குத் தப்புவதை எண் பிடித்துவிடும். லிட்டில் லீக் கழகம் 2007 முதல் எறிகளை எண்ணி வரையறுத்தது. 9, 10 வயதினர் ஒரு நாளில் 75 எறிகளுக்கு மேலும், 11, 12 வயதினர் 85-க்கு மேலும் எறிதல் கூடாது. பதினான்கு வயது வரையுள்ளோர் 66 எறிகளோ அதற்கு மேலோ எறிந்தால், அடுத்த நான்கு நாள் மேடேறலாகாது.

ஜப்பானில் இவ்வெண்ணத்திற்கு எதிர்ப்பு மிகுதி. அங்கு உயர்நிலைப்பள்ளிகளின் வேனிற்காலப் போட்டி 1915-இல் தொடங்கியது. 1924-இல் எழுந்த கோஷியென் அரங்கில் ஆடுதல் அந்நாட்டு மாணவர்க்கு வாழ்நாட் பேறு. 1998-இல் மட்சுஸாக்கா டைசுகே என்னும் மாணவர் ஓராட்டத்தில் 17 இன்னிங்ஸ் நின்று 250 எறிகள் எறிந்தார். மறுநாள் ஓர் இன்னிங்ஸ் எறிந்தார். அதற்கடுத்த நாள் இறுதியாட்டத்தில் எதிரிக்கு ஒரு 'ஹிட்'டுந் தராமல் வென்றார். 2011-இல் அவர் முழங்கை நாருக்கு அறுவை நடந்தது. பதின்மூன்று ஆண்டு இடையிட்ட அவ்விரண்டையும் காரணகாரியமாக முடிச்சிடுவது முறையன்று. எனினும், அவ்வீரத்தைக் கண்டு வளர்ந்தோர் அதனையே அளவுகோலாகக் கொண்டனர் என்பது உண்மை. 2013-இல் அன்ராகு டொமோஹிரோ என்னும் பதினாறு வயதினர் ஒரே போட்டியில் ஐந்து ஆட்டங்களில் 772 எறிகள் எறிந்தார்.

2019-ஆம் ஆண்டு ஜூலையில் இவாத்தே மாநில இறுதியாட்டம் நடந்தது. ஒஃபுனாட்டோ பள்ளி வென்றால் 35 ஆண்டுகளுக்குப்பின் கோஷியென் செல்லும். அப்பள்ளியின் சசாக்கி ரோக்கி மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தவர். அவர் சில நாள் முன்னர் 194 எறிகளும், முந்தின நாள் 129 எறிகளும் எறிந்திருந்தார். பயிற்சியாசிரியர் அன்று அவரை மேட்டில் ஏற்றவே இல்லை. பள்ளி 2-க்கு 12 என்னும் கணக்கில் தோற்றது. வசைமொழி கூறும் தொலைபேசி அழைப்புக்கள் பள்ளிக்குக் குவிந்தன. அந்நாட்டுப் பள்ளிப் பேஸ்பால் சங்கமோ 2020-இல், ஒரு வாரத்தில் ஒருவர்க்கு 500 எறிகளே எனச் சட்டம் வகுத்தது. அதுவும் மிகையென்றே எனக்குத் தோன்றுகின்றது.

சசாக்கியைச் சேர்த்துக்கொண்ட சீபா லாட்டே குழுவினர் 2020 முழுதும் அவரை ஓர் ஆட்டத்திலும் எறியவிடாது உடலை வளர்க்கச் செய்தனர். 2022 ஏப்ரல் 10-இல், எதிரிகளுள் ஒருவனும் தளம் ஏறாதபடி ஒன்பது இன்னிங்ஸும் எறிந்து 19 பேரை வீழ்த்தினார். 2025-இல் அமெரிக்காவில் ஆடுங்கால் தோள் நோவுற்றுச் சில மாதம் ஒதுங்கியும் இருந்தார். காத்த கையும் நோவினின்று முற்றும் தப்புவதில்லை. 2022 ஏப்ரல் 17-இல் மறுமுறை அவர் மேடேறியபோது, எட்டு இன்னிங்ஸ் வரை முன்போலவே ஒருவனும் தளம் ஏறவில்லை. இருபுறமும் ஓட்டம் இல்லை. எறிகள் 102 ஆயின. ஒன்பதாவதில் அவருக்கு ஈடாக வேறொருவரை அனுப்பினர். அவ்வாட்டத்தில் அக்குழு தோற்றது.