செப்புத் தகட்டில் கோடு வெட்டும் கலை

எழுத்தை நிலைபெறச் செய்ய நம் முன்னோர் கல்லையும் ஓலையையும் செம்பையும் நாடினர். கல்லை எளிதில் இடம்பெயர்க்க இயலாது, ஓலையைச் செல்லரிக்கும். எடுத்துச் செல்லவும் நெடுங்காலம் நிற்கவும் ஏற்றது செப்புத் தகடே. அதன்மீது கோடு வெட்டும் முறையை ஈண்டுக் காண்போம்.

முதலில் செம்பை அடித்துத் தகடாக்குவர். அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். இறுகிய தகட்டில் உளி எளிதில் இறங்காது. ஆகவே அதனைப் பழுக்கக் காய்ச்சி மென்மையாக்குவர். பின்னர் முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, வெட்ட வேண்டியதை மையினால் எழுதிக்கொள்வர். எழுதுபவர் ஒருவராகவும் வெட்டுபவர் மற்றொருவராகவும் இருப்பதுண்டு.

வெட்டும் முறை இருவகைப்படும். கூரிய சிற்றுளியை உள்ளங்கையால் தள்ளிச் செம்பை மெல்லிய இழையாகச் சீவி எடுப்பது ஒன்று. இதில் அழுத்தம் மிகுந்தால் கோடு தடிக்கும், குறைந்தால் மெலியும். வளைவு வருமிடத்தில் தகட்டையே திருப்புவர். உளியின் தலையைச் சிறு சுத்தியால் தட்டித் தட்டிக் கோட்டை நகர்த்துவது மற்றொன்று. பாத்திரங்களில் கையால் பெயர் வெட்டுவோர் கையாள்வது இதுவே.

வெட்டிய கோட்டைத் துடைத்து அழிக்க இயலாது. பிழை நேர்ந்தால் அவ்விடத்தை அடித்துச் சமன்செய்து மீண்டும் வெட்டவேண்டும். நம் நூல்கள் சினத்தின் நான்கு நிலைகளைக் கல், மண், புழுதி, நீர் ஆகியவற்றில் இட்ட கோடுகளாக உவமித்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஏடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து எழுத்துத் தேயாதிருக்க, அவற்றின் விளிம்பைச் சற்று உயர்த்தி அமைப்பதுண்டு. துளையில் வளையம் கோத்து, அதில் அரச முத்திரையைப் பொருத்துவர்.

நாம் மறக்கலாகாதது பள்ளன்கோயில் செப்பேடு. 6 ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் சிம்மவர்மன், தன் 6 ஆம் ஆட்சியாண்டில், பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி முனிவருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரை அளித்த செய்தியை அது வடமொழியிலும் தமிழிலும் கூறுகிறது. காஞ்சியை அடுத்த அத்தலத்தின் சமணத் தொன்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் ஜினாலயங்களிலும் இல்லங்களிலும் உள்ள இயந்திரத் தகடுகள், தாம்பாளங்கள், மணிகள் ஆகியவற்றிலும் கொடையளித்தோர் பெயர், ஊர், ஆண்டு வெட்டப்பட்டிருத்தல் கூடும். புளியும் சாம்பலும் இட்டு அழுத்தித் தேய்க்குந்தோறும் அக்கோடுகள் மழுங்குகின்றன. பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுப் புதியது வாங்கும்பொழுது, வேறெங்கும் எழுதி வைக்கப்படாத பெயர்களும் உருகிவிடுகின்றன.

ஆதலின் எழுத்துள்ள பகுதியை மென்துணியால் மட்டும் துடைப்போம். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் கோடுகள் தாளில் வெண்மையாகத் தோன்றும். பள்ளிப் பிள்ளைகளும் எளிதில் செய்யத்தக்க பணி இது. ஒவ்வோர் ஊர் ஆலயத்திலும் இத்தகைய படிகளை எடுத்து, பொருளின் பெயரையும் படியெடுத்த நாளையும் குறித்து, ஒரு குறிப்பேட்டில் ஒட்டி வைத்தல் நம் கடமையாகும்.